ஏழு உடம்புக்கு ஒரு பெட்டி

கடல் இரண்டு தெரு உள்ளே வந்துவிட்ட பிறகான தூத்துக்குடியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அறுபது வயதைத் தாண்டிய ஆறு ஆண்களுக்கு ஒரே நேரத்தில் குமட்டியது. அதில் நானும் ஒருவன். ஆறு பேரும் ஆறு வெவ்வேறு தெருவில் இருந்தோம், ஆறு வெவ்வேறு பலகாரம் தின்றிருந்தோம். ஆகவே பலகாரத்தின்மேல் பழி போட வழியில்லை. பத்து மணிக்கெல்லாம் மருத்துவமனைக் கூடத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்கு ஆறு பேருக்கும் மாங்காய் தின்ன வேண்டும்போல் இருந்தது.

என் பெயர் சங்கிலிபூதம். நான் சொல்வதில் பாதியை நம்பினால் போதும் என்று என் வீட்டில் சொல்வார்கள். இந்தக் கதையில் எந்தப் பாதியைக் கழிப்பது என்று எனக்கே பிடிபடவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்குச் சொந்தச் சிறுநீரகம் கிடையாது. வந்த சர்க்கரையும் போன வயதும் சேர்ந்து அவற்றை முடித்துவிட்டன. பதிலுக்கு ஆளுக்கொரு சோப்பு டப்பா அளவில் ஒரு வடிகட்டியை வயிற்றுக்குள் வைத்துத் தைத்திருந்தார்கள். அதைப் பொருத்திய அன்று டாக்டர் ஹெப்சிபா எனக்கு விளக்கியது நன்றாக நினைவிருக்கிறது.

“வடிகட்டுறது பெரிய வித்த இல்ல, அண்ணாச்சி. சல்லடைய யாரும் செஞ்சிரலாம். எத வைக்கணும், எத விடணும்னு நிமிசத்துக்கு நிமிசம் முடிவெடுக்கணும் பாத்தீங்களா, அங்கதான் கஷ்டம். நீங்க உப்பக் கூடத் தின்னா மூளைக்குக் கீழ இருந்து ஒரு ஹார்மோன் வந்து ‘தண்ணிய வெளிய விடாத’ன்னு சொல்லும். ரத்தம் கொறஞ்சா, கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்க சுரப்பி ‘உப்பப் பிடிச்சு வை’ன்னு சொல்லும். கிட்னியும் சும்மா கேட்டுக்கிட்டு இருக்காது. அழுத்தம் கொறஞ்சா அதுவே ஆள் அனுப்பி ரத்தக் குழாய எல்லாம் இறுக்கச் சொல்லும்.”

“ஆக, உள்ள ஒரே சண்டைன்னு சொல்லுங்க.”

“சண்டதான். ஆனா ஒழுங்கான சண்ட. கூடினா கொறைக்கும், கொறஞ்சா கூட்டும். எப்பவும் எதிர்ப்பக்கம் இழுக்கும். அது இழுக்கிறதாலதான் நீங்க கருவாடு தின்னுட்டு மறுநாள் உயிரோட எந்திரிக்கீங்க.”

அப்படி இழுக்கிற மூளையை ஆளுக்கொன்று செய்ய அப்போது இயலவில்லை. ஏழு பேருக்கு ஒன்று செய்தார்கள். பெரிய டிபன் கேரியர் உயரத்தில் ஒரு பெட்டி. மருத்துவமனையின் கீழ்த்தளக் கூடத்தில் அதற்கென்று ஒரு மேசை. ஏழு உடம்பிலிருந்தும் உப்பும் நீரும் அழுத்தமும் எவ்வளவு என்று கம்பியில்லாமல் சேதி வரும். பெட்டி அதைக் கூட்டி ஏழால் வகுத்து, ஒரே ஒரு உத்தரவு போடும். ஏழு வயிற்றிலும் ஒரே அளவு ஹார்மோன் சொட்டும். அவ்வளவுதான்.

இதன் பலன் என்னவென்றால், ஒருவர் ஊறுகாயை வழித்துத் தின்றால் ஏழு பேருக்கும் நா வறண்டது. ஒருவர் தர்பூசணியை முழுசாக முடித்தால் ஏழு பேரும் கழிப்பறைக்கு ஓடினோம். ஒரே மாதத்தில் எங்களுக்குள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கிழமைக்கு ஒருவர் இஷ்டம்போல் தின்னலாம், மற்ற ஆறு பேரும் அன்று பத்தியம். இதற்கு ‘நாக்கு முறை’ என்று பெயர். திங்கள் எனக்கு. செவ்வாய், புதன், வியாழன் எண்ணெய்க்கடைச் சகோதரர்கள் மூவருக்கு. மூவரும் ஒரே துணியில் சட்டை தைத்து ஒரே பதிலைச் சொல்கிறவர்கள். வெள்ளி பீர்முகமது வாத்தியாருக்கு. சனி வடிவுக்கு. ஞாயிறு பெனடிக்ட் கொரைராவுக்கு.

கொரைரா துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். படகின் விசில் பழுதானால் அவரே கூப்பிட்டுக் கப்பலை நிறுத்துவாராம். கோபம் வந்தால் எங்கள் ஏழு பேர் காதும் சுடும். அவருடைய ஞாயிற்றுக்கிழமையை இந்தக் குமட்டலுக்கு இரண்டு வருடம் முன்பே பறித்துவிட்டோம். முறை இல்லாத நாட்களில் யாரோ திருட்டுத்தனமாக உப்பைத் தின்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெட்டி சராசரியைத்தான் காட்டும், ஆளைக் காட்டாது. ஒருநாள் கொரைரா உட்கார்ந்த நாற்காலிக்கடியில் நெத்திலிக் கருவாட்டுப் பொட்டலத்தின் காலித்தாள் கிடந்தது. அவர் மறுத்தார். கத்தினார். எல்லோர் காதும் சுட்டதே தவிர, ஒருவரும் நம்பவில்லை. அந்த உப்புக்காகப் பெட்டி எல்லோர் உடம்பிலும் நீரைப் பிடித்து வைத்தது; எங்கள் ஆறு பேருக்கும் அது தாகத்தோடு போயிற்று. கொரைரா மட்டும் நுரையீரலில் நீர் கோத்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்குப் பிறகு அவர் இதயம் பழைய இதயம் இல்லை.

இனிக் குமட்டலுக்கு வருகிறேன். பதினொன்றரைக்கு வடிவு வந்தாள். இசக்கிவடிவு. முப்பத்தோரு வயது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். ஜுரத்தில் சிறுநீரகம் போனதால் எங்கள் கிழட்டுக் கூட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டவள். கையில் ஒரு பை நிறைய மாங்காய்.

“எல்லாருக்கும் வாங்கிட்டு வந்துட்டேன், மாமா,” என்றாள். “எனக்கு மட்டும் வாங்கத்தான் போனேன். பெறவு உங்களயெல்லாம் நெனச்சேன்.”

டாக்டர் ஹெப்சிபா அவளையும் எங்களையும் மாங்காயையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“பிள்ள உண்டானா உடம்பு உப்பளவக் கொஞ்சம் கீழ எறக்கி வச்சிக்கிடும். பெட்டி ஏழு பேருக்கும் சேத்து எறக்கிருக்கு. அதான் உங்க எல்லாத்துக்கும் வயித்தப் பெரட்டுது.”

“அப்ப நாங்க ஆறு பேரும்…” என்று ஆரம்பித்தார் மூத்த எண்ணெய்க்கடை.

“மசக்க,” என்றார் வாத்தியார். “தெளிவாச் சொல்லும் ஓய். மசக்க.”

ஒருவருக்கொருவர் கை குலுக்கிக்கொண்டோம். எதற்கென்று தெரியாது. மாங்காய் நன்றாயிருந்தது.

டாக்டர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிள்ளை வளர வளர வடிவின் ரத்தம் பாதிக்குப் பாதி கூடும். சல்லடை வேலையும் அப்படியே கூடும். பெட்டி மற்ற ஆறு பேரையும் அவளோடு இழுத்துக்கொண்டு போகும். ஆகவே விதி ஒன்று உண்டு. ஆறு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அவள் பெட்டியிலேயே இருக்கலாம். ஒருவர் மறுத்தாலும் அவளைக் கழற்றி, மதுரைக்கு வாரம் மூன்று நாள் பழைய மாதிரி இயந்திரத்துக்கு அனுப்ப வேண்டும்.

“அங்கன போனா பிள்ள தங்குமா?” என்று கேட்டாள் வடிவு.

“பத்துக்கு ஒண்ணு தங்கும்.”

ஐந்து பேர் அங்கேயே கையெழுத்துப் போட்டோம். கொரைரா பேனாவை வாங்கவில்லை. என்னவே, ஏன்வே, மனுசனா நீரு என்று ஆளாளுக்குக் கேட்டோம். அவர் காது சிவந்தது, எங்களுக்கும் சிவந்தது. வடிவு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“மாமா, நீங்க போடாண்டாம். ஆனா எதுக்குன்னு எங்கிட்ட மட்டும் சொல்லுங்க.”



“பயம், தாயி,” என்றார் கொரைரா. “அந்த ஒம்பது நாளும் தண்ணிக்குள்ள முங்கினாப்பல கெடந்தேன். கடல்ல கூட எனக்கு அப்பிடி ஆனதில்ல. இன்னொருக்க முங்க எனக்குப் பயமா இருக்கு.”

“சரி மாமா,” என்றாள் அவள். எழுந்தாள். கெஞ்சவில்லை. மதுரை பஸ் நேரத்தை டாக்டரிடம் கேட்டாள்.

அவள் வாசலுக்குப் போகுமுன் கொரைரா பேனாவைப் பிடுங்கிக் காகிதம் கிழிகிற மாதிரி கையெழுத்துப் போட்டார். “யாரும் பேசப்பிடாது!” என்றார்.

அதற்குப் பிந்திய ஏழு மாதம் எங்கள் ஊர் மறக்காது. எங்களுக்குக் கால் வீங்கியது. செருப்பை இரண்டு அளவு பெரிதாக வாங்கினோம். எண்ணெய்க்கடைச் சகோதரர்கள் மூவரும் இடுப்பில் கை வைத்துச் சாய்ந்து நடந்ததைப் பார்த்துப் பிள்ளைகள் பின்னால் நடந்து பழகின. வாத்தியார் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற பெண்களோடு நின்று முதுகுவலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று விசாரித்தார். அவர்களும் ஐந்தாம் மாதத்துக்கு அது ஆகாது என்று பொறுப்பாகச் சொன்னார்கள். கொரைரா படுக்கையில் மூன்று தலையணை வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினார். ஒருநாளும் குறை சொல்லவில்லை.

எட்டாம் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை என் காதுக்குள் சங்கு ஊதுவதுபோல் இருந்தது. போன் வந்தது. வடிவுக்கு ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறு. வலிப்பு வரும் நிலை. பிள்ளையை உடனே அறுத்து எடுக்க வேண்டும். ஆனால் அந்த அழுத்தத்தில் கத்தி வைத்தால் அவள் பிழைக்க மாட்டாள்.

ஆறு பேரும் கூடத்தில் கூடினோம். அவள் முதல் மாடியில். அவளைக் கழற்றிவிடலாமே என்றால், பெட்டியின் சாவி சென்னையில் இருக்கிறது, ஆள் வர ஆறு மணி நேரம்.

“பதட்டப்படாதிய,” என்றார் வாத்தியார். “நாம எல்லாம் ஒரே உடம்பு. நாம அமைதியா இருந்தா அவளுக்கும் அழுத்தம் எறங்கும்.”

இது எங்களுக்கு மிகவும் நியாயமாகப் பட்டது. மூன்று வருடமாக அமைதி அமைதி என்று கேட்டே பழகியவர்கள். வரிசையாகத் தரையில் படுத்தோம். மூச்சை இழுத்து விட்டோம். வாத்தியார் தம் பையிலிருந்து மாநகராட்சிக் கூட்டத் தீர்மானங்களின் அச்சுப் பிரதியை எடுத்து நிதானமாக வாசிக்கத் தொடங்கினார். பதினான்காவது வார்டு, சாக்கடை மூடி, பழுது நீக்குதல் தொடர்பாக. ஐந்தாவது தீர்மானத்தில் நடு எண்ணெய்க்கடை குறட்டை விட்டார். எனக்கு நாடி தொண்ணூறிலிருந்து அறுபதுக்கு வந்தது. இவ்வளவு அருமையாக நாங்கள் ஒருபோதும் அமைதியாக இருந்ததில்லை.

டாக்டர் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி வந்தார்.

“யாரு உங்கள அமைதியா இருக்கச் சொன்னா?”

“நீங்கதான டாக்டர், மூணு வருசமா!”

“ஐயோ, இருநூறத் தாண்டுது அவளுக்கு! பெட்டியப் பாருங்க. நீங்க ஆறு பேரும் நூறுக்கு எறங்கியாச்சி. அவளோட இருநூறயும் சேத்து ஏழா வகுத்தா நூத்திப் பதினாலு. பெட்டி என்ன நெனைக்கும்? அழுத்தம் கொறஞ்சிட்டு, கூட்டுன்னு நெனைக்கும். உப்பப் பிடி, குழாய இறுக்குன்னு மருந்து விடுது. உங்களுக்கு அது ஒண்ணும் தெரியல. அவளக் கொல்லுது!”

“எறக்குறதுக்கு அவளுக்கு ஊசி…” என்று இழுத்தேன்.

“போட்டுப் பாத்தாச்சி. நான் எறக்குறத பெட்டி ஏத்துது.”

கொரைரா எழுந்து உட்கார்ந்தார். “அப்ப நாங்க ஏறணும்.”

“ஆமா சார். நீங்க ஏறினா சராசரி ஏறும். பெட்டி பயந்துபோயி ஏழு பேருக்கும் எறக்கும். சராசரி நூத்தி அறுபது வந்தாப் போதும், எனக்கு அரைமணி நேரம் கெடைக்கும். ஆனா நீங்க வேண்டாம். உங்க நெஞ்சு தாங்காது.”

“நீங்க மேல போங்க டாக்டர்,” என்றார் கொரைரா. “கத்திய எடுத்து வைங்க.”

ஆரம்பித்தோம். மாடிப்படி ஏறி இறங்கலாம் என்றால் வீங்கிய காலில் இரண்டு படிக்கு மேல் முடியவில்லை. சண்டை போடத் தீர்மானித்தோம்.

“ஏலேய் மூத்தவனே, அப்பா செத்தன்னிக்கு நீ அழவே இல்ல!” என்றார் கடைசி எண்ணெய்க்கடை.

“ஆமா தம்பி,” என்றார் மூத்தவர். “எனக்கும் அது மனசுல கெடந்து உறுத்துது.” மூவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். சராசரி இரண்டு புள்ளி இறங்கியது.

வாத்தியார் என்னை முட்டாள் என்றார். நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சொன்ன சொல். அவருக்கே அதில் சூடு இல்லை. நான் அவரைப் பதிலுக்கு ஏசினேன். நடிப்புக்குச் சுரப்பி மசியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். பெட்டி நூற்று முப்பத்தொன்றில் நின்றது.

“என்னைய ஏசுங்கடே!” என்று கத்தினார் கொரைரா. “இன்னிக்குன்னு பாத்து கோவம் வரமாட்டேங்குதே! எவனாவது நல்லா ஏசுங்க!”

ஏசினோம். அவர் துறைமுகத்தில் வளர்ந்தவர். நாங்கள் சொன்னதையெல்லாம் பச்சைப் பிள்ளை மழலையைக் கேட்பதுபோல் கேட்டார். ஒன்றிரண்டைத் திருத்தியும் கொடுத்தார்.

மேலே வடிவு ஒருமுறை கத்தியது கேட்டது. பெட்டி நூற்று முப்பதைக் காட்டியது.

எனக்கு ஒரு வழி தெரியும். இரண்டு வருடமாகத் தெரியும். அதைச் சொன்னால் இந்த மனிதர் அங்கேயே விழுந்து சாகலாம். சொல்லாவிட்டால் மேலே இரண்டு உயிர். அவர்தான் கேட்டார், கேட்டதைக் கொடுத்தேன் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். அந்த நொடியில் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை.

“கொரைரா,” என்றேன். “அந்த நெத்திலிய நான்தான் தின்னேன்.”

“எந்த நெத்திலி?”

“உம்ம நாற்காலிக்கடியில கெடந்த தாளு. நான்தான் போட்டேன். அதுக்கு முந்தியும் நான்தான். நாப்பது வருசம் உப்பளத்துல நாக்குல வச்சு உப்பு பாத்தவன்வே நான். வாரத்துக்கு ஒருநாள் எனக்குப் பத்தல. உமக்கு ஞாயித்துக்கிழமைய எடுத்த பெறவும் தின்னேன். நீரு ஒம்பது நாளு முங்கினது என் உப்புல.”

பெட்டி நூற்று முப்பத்தெட்டு என்றது. நூற்று நாற்பத்தைந்து என்றது.

“ஏலேய்ய்ய்!”

துறைமுகத்தில் இரண்டு கப்பல் நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டேன். இது கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். கொரைரா நாற்காலியைத் தூக்கினார். நான் பெட்டியைச் சுற்றி ஓடினேன். இதில் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. மற்ற நாலு பேருக்கும் விஷயம் அப்போதுதான் உறைத்தது. இரண்டு வருடத் தாகம் அவர்களுக்கும் உண்டல்லவா?

“எம் மக கல்யாணத்தன்னிக்கு நாக்கு ஒட்டிக்கிட்டு வாழ்த்துப் பேச முடியாம நின்னேனே, அது உம்ம வேலையா ஓய்?” என்று வாத்தியார் குடையை எடுத்தார்.

“பிடிங்கலே அவன!” என்று சகோதரர்கள் மூவரும் முதன்முறையாக மூன்று திசையிலிருந்து வந்தார்கள்.

நூற்று ஐம்பத்தாறு. நூற்று அறுபத்திரண்டு. நான் நடிக்கவே தேவையில்லை; பயத்தில் என் பங்கும் ஏறிக்கொண்டிருந்தது. மாடியிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்துக் கூவினாள்: “எறங்குது! அவங்களுக்கு எறங்குது! டாக்டர் ஆரம்பிச்சாச்சி! நிறுத்தாதீங்க! அடிக்க மட்டும் செய்யாதீங்க, ஏசுங்க!”

ஏசினார்கள். என் அப்பன், பாட்டன், நான் நாக்கு வைத்துப் பார்த்த உப்பு, அந்த உப்பைத் தின்ற ஊர், ஒன்றையும் விடவில்லை. நூற்று அறுபத்தெட்டு. கொரைரா என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். முகம் செங்கல் நிறம். “என்னைய எல்லாவனும் திருடன்னு பாத்தானே! நீயும் அங்கன உக்காந்து பாத்தியே!” அவர் கண்ணில் நீர். எங்களுக்குக் கண்ணீரைக்கூடப் பெட்டிதான் அளந்து விடுகிறது. அன்று அளக்காமல் விட்டிருக்கிறது.

மேலே ஒரு குழந்தை அழுதது.

அந்தச் சமயம் பெட்டி விட்ட உத்தரவு எல்லோர் உடம்பிலும் பிடித்தது. ஏசிக்கொண்டிருந்தவர்கள் பாதி வார்த்தையில் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். கொரைரா என் காலரை விடாமலே என்மேல் சாய்ந்தார். அவர் மார்பு என் தோளில் ஒழுங்கில்லாமல் துடித்தது. டாக்டர் வந்து விரலைப் பிரித்து அவரைத் தூக்கிப்போக வேண்டியிருந்தது.

பெண் குழந்தை. ஒன்றே முக்கால் கிலோ. சொந்தச் சிறுநீரகம் இரண்டும் ஒழுங்காக இருக்கிறது. பிறந்த ஒரு மணி நேரத்தில் அதை டாக்டரின் கையிலேயே நிரூபித்தது. வடிவு ஆறாம் நாள் எழுந்து நடந்தாள். கொரைரா பதினோராம் நாள்.

அவர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமையை அவருக்குத் திருப்பிக் கொடுத்தோம். என் திங்கட்கிழமையைப் பிடுங்கிக் குழந்தையின் பேருக்கு எழுதினார்கள். நியாயம்தான். கூடத்தில் கொரைரா நான் இருக்கும் பக்கம் திரும்பாமல் உட்காருவார்.

அடுத்த வருடம் ஆளுக்கொரு தனிப்பெட்டி வந்தது. தீப்பெட்டி அளவு, இடுப்பில் மாட்டிக்கொள்ளலாம். டாக்டர் ஹெப்சிபா ஏழு படிவங்களை மேசையில் வைத்தார். இனி யார் தின்றதும் யாருக்கும் தெரியாது, யார் கோபமும் யார் காதையும் சுடாது. வடிவு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். வாத்தியார் போட்டார். சகோதரர்கள் மூவருக்கும் சேர்த்து ஒன்று தர முடியுமா என்று கேட்டு, முடியாதென்றதும் போட்டார்கள்.

கொரைரா கண்ணாடியைப் போட்டுப் படிவத்தை முழுசாக வாசித்தார்.

“டாக்டர், பிரிச்சிட்டா இந்தாளுக்கு என்ன ஆவுதுன்னு எனக்குத் தெரியாதோ?” என்னைக் கட்டைவிரலால் காட்டினார்.

“தெரியாது சார். அதுக்குத்தான பிரிக்கோம்.”

“திருட்டுத்தனமா எதயும் தின்னா?”

“தெரியாது.”

“நெஞ்சடச்சுக் கீழ விழுந்தா?”

“அதுவும் தெரியாது. நீங்க நிம்மதியா இருக்கலாம்.”

பேனாவை மூடி டாக்டரிடம் நீட்டினார். “எனக்கு வேண்டாம். நான் பழைய பெட்டியிலயே கெடக்கேன்.”

“ஒத்த ஆளுக்காக அத ஓட்ட மாட்டாங்க சார். ரெண்டு பேராவது…” என்று சொன்ன டாக்டர், என் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார். அதிலும் கையெழுத்து இல்லை. அவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு இரண்டு தாளையும் மடித்து மேசை இழுப்பறையில் போட்டார். கொரைரா என்னைத் திரும்பிப் பார்க்காமல் எழுந்து போனார்.

இரண்டு ஆண்டு ஆகிறது. இன்னும் ஒரு வார்த்தை கிடையாது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் தம் வீட்டு மொட்டை மாடிக்குக் கப்பல் பார்க்க ஏறுவார். பதினேழு படி. அவருக்கு அழுத்தம் ஏறும். பெட்டி இருவருக்கும் சேர்த்து இறக்கும். நான்கு தெரு தள்ளி என் வீட்டு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் எனக்குத் தலை லேசாகச் சுற்றும். சுற்றல் நின்றால் அவர் படி ஏறி முடித்துவிட்டார் என்று அர்த்தம். அதற்கப்புறம்தான் நான் தேநீர் குடிப்பது.

இப்போது மணி ஐந்தே கால். தேநீர் ஆறிக்கொண்டிருக்கிறது. இன்னும் சுற்றலைக் காணோம். வாசலுக்குப் போய் நின்றுவிட்டு வந்தேன். செருப்பைத் தேடி எடுத்து மாட்டியும் விட்டேன்.

அதோ. சுற்றுகிறது.